ஜூடித் மிஸ் பெயரில் பதக்கம் வேண்டாம்

(பெங்களூரு அடுகோடி அருளொளி உயர்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை திருமதி ஜூடித் ரெமிஜியஸ் மறைவையொட்டிப் பள்ளி அரங்கில் நடந்த இரங்கல் கூட்டத்தில், தமிழாசிரியரும் பேருந்துப் பொறுப்பாளருமான பழனிச்சாமி பேசியது.)

மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் திரு. ஃபிராங்க்ளின் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, முதல் வரிசையில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் என் அருமை நண்பர் ரெமிஜியஸ் அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, அலுவலகத்தில் அரை நாள் கெஞ்சிக் கேட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நிற்கும் ஓட்டுநர்களே, ஆயாம்மாக்களே! எல்லோருக்கும் வணக்கம். நிற்பவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வேன். என் கால்களே களைத்துப் போயிருக்கின்றன. உங்கள் கால்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாம் எல்லோருமே களைத்துப் போயிருக்கிறோம். இந்த மழைக்காலம் முழுவதும் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல்! ஒரு வகுப்பு தேறி வந்தால் அடுத்த வகுப்பு படுத்துக்கொண்டது. ஒரு பேருந்தில் இருமல் நின்றால் இன்னொரு பேருந்தில் தொடங்கியது. வருடா வருடம் வருகிறது, வருடா வருடம் சுற்றறிக்கை வருகிறது, கை கழுவுங்கள் என்கிறது, கழுவினோம். அந்தக் காய்ச்சல் இந்த வருடம் போகிற போக்கில் நம்முடைய ஜூடித் மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எங்களுக்கும் தெம்பில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். தாளாளர் ஐயா பேசும்போது கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு ஓர் அறிவிப்பும் செய்தார். பணியில் சேர்ந்த நாள் முதல் ஒரு நாள்கூட விடுப்பே எடுக்காதவர் ஜூடித் மிஸ். அவர் நினைவாக, ஆண்டு முழுவதும் விடுப்பெடுக்காமல் வரும் மாணவருக்கு இனி ‘ஜூடித் ரெமிஜியஸ் முழு வருகைப் பதக்கம்’ வழங்கப்படும் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாதே என்று பாதியில் நினைவு வந்து நிறுத்திக்கொண்டீர்கள். நான் தட்டவில்லை.

ஐயா, நீங்கள் அன்பு மிகுதியால் சொன்னீர்கள். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த மேடையிலேயே கேட்கிறேன், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்: அந்தப் பதக்கம் வேண்டாம். எவர் பெயரிலும் வேண்டாம். ஜூடித் மிஸ் பெயரில் வேண்டவே வேண்டாம்! ஏன் என்று சொல்வதற்குத்தான் நின்றுகொண்டிருக்கிறேன். எதுகை மோனையோடு நான் எழுதி வந்த உரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

புதிதாய் வந்த பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழாசிரியனுக்கும் பேருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். நம் பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் குறைந்தார்கள். என் பாடவேளைகள் குறைந்தன. சும்மா இருக்கிறவன் தலையில் பேருந்தைக் கட்டு என்று கட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் உடல்நலப் பொறுப்பு ஜூடித் மிஸ்ஸிடம் இருந்தது. ஆக, காய்ச்சலும் பேருந்துமாக நாங்கள் இருவரும் காலையும் மாலையும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தோம். ஆமாம், சண்டைதான். செத்தவர்களைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அவர் பொல்லாத கோபக்காரர்.

இந்த அரங்கில் எத்தனை பேர் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள்? பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் அவருக்கு ‘தர்மாமீட்டர் மிஸ்’ என்று பெயர் வைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் என் முன்னாலேயே ஒரு தந்தைக்குப் போன் செய்தார். அவர் தொம்மலூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். “மேடம், நான் ஒரு முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்” என்றார். “நல்லது சார். உங்க பையன் ஒரு முக்கியமான காய்ச்சல்ல இருக்கான். எது முதல்ல முடியுதோ பாத்து வாங்க” என்றார் மிஸ். அவர் அரை மணி நேரத்தில் வந்து நின்றார்.

பேருந்து ஜன்னலுக்கு எத்தனை சண்டை! காய்ச்சல் பரவும் மாதங்களில் எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். “பெங்களூரு குளிர்ல ஜன்னலத் திறந்து வெச்சா பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்காதா மிஸ்?” என்று கேட்காத தாய் இல்லை. “குளிர் காத்துல பிடிக்காதும்மா. பக்கத்து சீட்டுப் பிள்ளையோட தும்மல்லதான் பிடிக்கும். ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்க” என்பார். அதையே கேட்டவரிடமெல்லாம் சொன்னார். அலுக்காமல் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அலுத்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொல்லாமல் விட்டதில்லை.

அவர் வேலை செய்த விதம் ஒன்று உண்டு. வேறு எந்தப் பள்ளியிலாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மற்ற இடங்களில் காய்ச்சலைக் காலையில் தேடுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஆயாம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், சுட்டால் இறக்கிவிடுவார். நம் பள்ளியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. என்ன ஆயிற்று? இறக்கிவிட்ட பிள்ளையின் அப்பா பைக்கில் எப்போதோ போயிருப்பார். அம்மா கம்பெனி வேனில் ஏறியிருப்பாள். காய்ச்சலோடு பிள்ளை மட்டும் ஓசூர் சாலையோரம் தனியாக நிற்கும். ஜூடித் மிஸ் இதைக் கேள்விப்பட்டு ஆடிய ஆட்டம் எனக்கு மறக்காது. “காலைல பிடிக்கிற காய்ச்சல் யாருக்கும் உதவாது பழனி சார். முந்தின நாள் சாயந்தரமே பிடிக்கணும்” என்றார்.

எப்படிப் பிடிப்பது? மிக எளிய வழி. மாலையில் வீடு திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் என்ன செய்யும்? கத்தும், பாடும், ஒன்றன் பையை ஒன்று இழுக்கும். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற பிள்ளையைப் பாருங்கள் என்றார். ‘சாயந்தரம் பஸ்ல தூங்குற பிள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல்’ என்பது அவர் வாக்கு. ஆயாம்மாக்கள் எனக்குச் சொல்வார்கள். நான் மிஸ்ஸுக்குச் சொல்வேன். மிஸ் அன்று மாலையே பெற்றோருக்குப் போன் செய்வார். “நாளைக்குப் பிள்ளைய அனுப்பாதீங்க. யார் லீவு போடறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்க.” எல்லாத் தூக்கமும் காய்ச்சலாகவில்லை. முதல் நாள் ராத்திரி மேட்ச் பார்த்துவிட்டுத் தூங்கியவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் சரியாக இருந்தது. பெற்றோருக்கு ஓர் இரவு அவகாசம் கிடைத்தது. அந்த ஓர் இரவு எவ்வளவு பெரிய உதவி என்று இங்கே இருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்.

சரி, பதக்கத்துக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் நம் பள்ளியில் முழு வருகைப் பதக்கம் இருந்தது. ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கழுத்தில் போடுவோம். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். அதை நிறுத்த வைத்தவர் ஜூடித் மிஸ். எதனால் நிறுத்தினார் என்பதை ஐயா மறந்திருக்கலாம். நான் மறக்க முடியாது, நான் அந்தப் பேருந்தில் இருந்தேன்.

ஆறாம் வகுப்பு மைசூர் சுற்றுலா. விடியற்காலையில் கிளம்பினோம். மத்தூரில் வடைக்கு வண்டியை நிறுத்தினோம். சிந்து என்ற பெண் மட்டும் இறங்கவில்லை. மத்தூர் வடையை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஜூடித் மிஸ் போய் நெற்றியில் கை வைத்தார். அனலாய்க் கொதித்தது. “எப்பலேர்ந்து?” என்றார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது: “அம்மா மாத்திரை குடுத்துதான் மிஸ் அனுப்பினாங்க. மைசூரு வரைக்கும் தாங்கும்னு சொன்னாங்க. திருப்பி அனுப்பிடாதீங்க மிஸ்.”

மிஸ் அதட்டவில்லை. அங்கேயே ஒரு வாடகைக் காரைப் பிடித்தார். “பழனி சார், நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க. ஜூவுல ஒண்ணு விடாமக் காட்டுங்க. ஜன்னல மட்டும் மூட விடாதீங்க” என்று சொல்லிவிட்டு, சிந்துவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெங்களூருக்கே திரும்பினார். சிந்துவுக்கு அம்மா மட்டும்தான். பேர் கோமளம். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளே போனால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எத்தனை முறை அடித்தாலும் யார் எடுப்பார்கள்? மிஸ் பிள்ளையை ஒரு கிளினிக்கில் காட்டிவிட்டு, நேராக அந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போய்க் காத்திருந்தார். ஷிப்ட் முடிந்து கோமளம் வெளியே வந்தார். மகளைப் பார்த்தார். மிஸ்ஸைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“மிஸ், இன்னைக்கு ஆப்சென்ட் போட்ராதீங்க மிஸ்.”

கோமளம் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ‘சொல்லுங்க சார், சொன்னாத்தான் புரியும்’ என்றார். சுற்றுலா நாளையும் பள்ளி நாளாகக் கணக்கு வைத்தோம் அல்லவா? அன்று வராவிட்டால் ஒரு நாள் போய்விடும், பதக்கமும் போய்விடும். “இந்த வருசம் ஒரு நாளும் லீவு போடல மிஸ் அவ. மெடல் போயிடும்னு ராத்திரியெல்லாம் அழுதா. எங்க கம்பெனிலயும் அப்படித்தான் மிஸ். மாசம் பூரா வந்தாதான் அட்டென்டன்ஸ் போனஸ். ஜுரம்னா நானும் ஒரு மாத்திரையப் போட்டுட்டுதான் வருவேன். எனக்கு அது தப்புன்னே தோணல மிஸ்” என்று அன்று வாசலிலேயே மிஸ்ஸிடம் சொன்னார் கோமளம். நன்றாகக் கவனியுங்கள். அந்தத் தாய் கல்நெஞ்சுக்காரியா? இல்லை. பிள்ளைக்கு ஒரு நல்ல பேர் கிடைக்கட்டும் என்று நினைத்தாள். நாமும் நல்லதுதான் நினைத்தோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

அதன் பிறகுதான் ஜூடித் மிஸ் ஒன்றைக் கவனித்தார். காலையில் கலகலப்பாக வருகிற பிள்ளைகள் மூன்றாம் பாடவேளையில் திடீரென்று துவண்டு விழுகிறார்களே, ஏன்? காலையில் வீட்டில் கொடுத்த மாத்திரையின் வேகம் அப்போதுதான் தணிகிறது! ‘தேர்ட் பீரியட் காய்ச்சல்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை முதல் இரண்டு பாடவேளையும் எத்தனை பேர் மேல் இருமியிருக்கும்? பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கும்? ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தார். அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது: “நாம மெடல் போடறது பிள்ளை கழுத்துல இல்ல. அந்த மாத்திரை டப்பா கழுத்துல போடறோம்.” சிலர் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

வாதாடினார். ஒரு பருவம் முழுவதும் வாதாடினார். வருகை குறைந்தால் பள்ளிக்குப் பேர் கெடும் என்றார்கள். இன்னும் வேகமாக வாதாடினார். கடைசியில் பதக்கம் நின்றது. நிறுத்தியவர் நீங்கள்தான் ஐயா. அந்தப் பெருமை உங்களுக்கு உண்டு. அத்தோடு அவர் விடவில்லை. காய்ச்சலில் சுற்றுலாவைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காக இரண்டாவது சுற்றுலா ஒன்றை ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் அதற்கு ‘ஜுரம் டூர்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் ஜுரம் டூரில் சிந்துதான் முன் சீட்டு. போகிற வழியில் மத்தூரில் இறங்கி வடையும் சாப்பிட்டாள். படுத்துக்கொண்டால் எதுவும் போய்விடாது என்று தெரிந்த பிறகு, பிள்ளைகள் காய்ச்சலை மறைப்பதை விட்டார்கள். “மிஸ், எனக்குத் தொண்டை வலிக்குது, நாளைக்கு வரல” என்று அவர்களாகவே வந்து சொன்னார்கள். இதற்குப் பெயர்தான் கல்வி என்று நான் சொல்வேன்!

இத்தனை செய்தவர் எப்படிப் போனார்?

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஜூடித் மிஸ்ஸை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடந்தது அதுதான். இந்த மழைக்காலத்தில் ஆசிரியர்களும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வீட்டிலேயே இருங்கள், குணமான பிறகு வாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பி வைத்தவர் அவர். காய்ச்சலோடு கையெழுத்துப் போட வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சரிதான். ஆனால் போனவர்களின் வகுப்புகளை யார் எடுத்தார்கள்? மாற்று ஆசிரியர் இருந்தாரா? இருந்தது ஒரே ஒரு மாற்று ஆசிரியர். அவர் பெயர் ஜூடித் ரெமிஜியஸ். ஒரு வகுப்பில் கணக்கு, அடுத்த வகுப்பில் அறிவியல், அடுத்ததில் ஒன்றுமே தெரியாத கன்னட இலக்கணம். நடுவில், துவண்டு விழுந்த பிள்ளைகளைப் படுக்க வைக்கும் காய்ச்சல் அறை. மாலையில் தொம்மலூர் போகும் ஆறாம் நம்பர் பேருந்தில் பிள்ளைகளோடு வீடு. வீட்டுக்குப் போய்ப் பெற்றோர்களுக்குப் போன்.

ஆறாம் நம்பரை ஓட்டுபவர் நம் வெங்கடசாமி. அதோ கதவருகே நிற்கிறார். அடக்கம் முடிந்த அன்று என்னிடம் வந்தார். “சார், அந்தக் கடைசி வாரம் தினமும் மிஸ் பஸ்ல தூங்கிட்டே வந்தாங்க சார். ஜன்னல்ல தலைய வெச்சு. நான் கண்ணாடில பாத்தேன். பாவம், ரொம்ப சுஸ்து, களைச்சுப் போயிட்டாங்க, தூங்கட்டும்னு ரோடு ஹம்ப்ல கூட மெல்ல ஏத்தி எறக்கினேன் சார். பிள்ளைங்களக் கூட கத்தாதீங்கன்னு சொன்னேன்” என்றார்.

சாயங்காலம் பேருந்தில் தூங்குகிற பிள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல். வெங்கடசாமிக்குத் தெரியும். ஆயாம்மாவுக்குத் தெரியும். அந்தப் பேருந்திலிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பிள்ளை தூங்கினால் போன் போகும். மிஸ் தூங்கினால்? யாருக்கும் தோன்றவில்லை. வெங்கடசாமி, உங்களை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அன்பாகத்தான் ஓட்டினீர்கள். நாம் எல்லோருமே அவரிடம் அன்பாகத்தான் இருந்தோம். அன்பாக இருந்து, அவரைத் தூங்க விட்டுவிட்டோம்.

ரெமிஜியஸ் என்னிடம் ஒன்று சொன்னார். மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார். ஜூடித் மிஸ் கடைசியாகப் பள்ளிக்குக் கிளம்பிய காலையில், ரெமிஜியஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். “சுடுது ஜூடி. இன்னைக்குப் போகாத” என்றிருக்கிறார். மிஸ் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். சிரித்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “மூணாவது பீரியட் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள யாராவது வந்துடுவாங்க.”

யாரும் வரவில்லை, ஐயா. அன்று எல்லாப் பாடவேளையும் அவரே எடுத்தார்.

மருத்துவமனையில் மூச்சுக்கு முகமூடி போட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். ‘இன்னிக்கு சாயந்தரம் பஸ்ல யார் யார் தூங்கினாங்க?’ நான் பதில் போட்டேன்: ‘யாரும் தூங்கல மிஸ். எல்லாரும் கத்திட்டேதான் போனாங்க.’ பெருவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஒரு நாளும் விடுப்பெடுக்காதவர் என்று அவரைப் புகழ்வதா? எந்த வழக்கத்தை ஒழிக்க அந்த அம்மையார் ஒரு பருவம் முழுவதும் நின்று சண்டை போட்டாரோ, அதையே அவர் பெயரை எழுதிப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிடுவதா? நாளைக்கே ஒரு சிந்து, நெற்றி கொதிக்க, ஜூடித் மிஸ் பதக்கத்துக்காகப் பேருந்தில் ஏறுவாள். ஒரு கோமளம், மிஸ் பதக்கம் என்றால் சும்மாவா என்று மாத்திரையை உடைத்துக் கொடுப்பாள். அதைப் பார்க்க மிஸ் இருக்க மாட்டார். நாம் இருப்போம்!

தாளாளர் ஐயா, நான் உங்களிடம் வேலை பார்ப்பவன். எனக்கு ஓய்வுபெற அதிக காலமில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. தெம்பிருந்தவர் போய்விட்டார். அதனால் கேட்டுக்கொள்கிறேன். பதக்கம் வேண்டாம். அதற்குப் பதில் மாற்று ஆசிரியர்களை வையுங்கள். ஆசிரியர் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் வகுப்பில் நிற்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஆண்டின் ஜுரம் டூர் நின்றுவிடக் கூடாது. இந்த ஆண்டு சுற்றுலாவைத் தவறவிட்ட பிள்ளைகள் வந்து என்னிடம் ‘டூர் உண்டா சார்’ என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

ஐயா தலையசைக்கிறார். நன்றி ஐயா. ஆனால் தலையசைப்பு மைக்கில் கேட்காது. தயவுசெய்து வாயால் சொல்லுங்கள். இதோ, மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன்.

கேட்டீர்களா எல்லோரும்? “பதக்கம் இல்லை. டூர் உண்டு. ஆள் வைக்கிறேன்” என்றார் ஐயா. இப்போது கைதட்டலாம், நானும் தட்டுகிறேன். இரங்கல் கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து கடைசி வரிசையில் ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். கைக்குட்டைக்குள் அடக்கி அடக்கி இருமுகிறார். சௌம்யா மிஸ், நீங்கள்தானே? குனிந்துகொள்ள வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? சுடுகிறது என்கிறார். பிறகு ஏன் மிஸ் வந்தீர்கள்? வராவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தீர்களா? ஜூடித் மிஸ் இருந்திருந்தால் உங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். எழுந்து வீட்டுக்குப் போங்கள். இந்த அரங்கில் காய்ச்சலோடு இருக்கிற அத்தனை பேரும் எழுந்து போங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய அஞ்சலி கிடையாது.

என்ன சொல்கிறார்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். “நாளைக்கு மூணாவது பீரியட் செவன்த் பி-க்கு கணக்கு டெஸ்ட் இருக்கு சார்” என்கிறார். மூன்றாவது பீரியட்!

சௌம்யா மிஸ், அந்த மூன்றாவது பீரியடை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கணக்கு வராது. பிள்ளைகளுக்கு அது தெரியும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவருடைய ஐந்தாவது பீரியட் யாருக்கு? கை தூக்குங்கள். நன்றி. ஏழாவது? அலுவலகத்திலிருந்தா? வாருங்கள், வாருங்கள், மேற்பார்வைக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். ஜூடித் மிஸ் எல்லாவற்றையும் தனி ஆளாகத் தூக்கினார். அவரைப் போல நம்மில் ஒருவராலும் முடியாது, முடியவும் கூடாது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வோம். மாலைப் பேருந்தில் பிள்ளை தூங்கினால் வீட்டுக்குப் போன் போகும். ஆசிரியர் தூங்கினாலும் போகும், ஆயாம்மா தூங்கினாலும் போகும். மிஸ், உங்கள் படத்துக்கு முன்னால் நாங்கள் தருகிற வாக்கு இவ்வளவுதான். பெரிய வாக்கெல்லாம் தருகிற தெம்பு எங்களுக்கு இப்போது இல்லை.

மற்றவர்கள் மௌனமாக எழுந்து நிற்போம்.

வெங்கடசாமி, நீங்கள் நிற்க வேண்டாம். சௌம்யா மிஸ்ஸுக்கும் தொம்மலூர்தான், கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். வழியில் அவர் தூங்கினால் மெதுவாகவே ஓட்டுங்கள். ஆனால் எனக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.